வக்கீல்களின் ஓட்டு யாருக்காக?

வாசகி, விழுப்புரம்: பார் கவுன்சில் தேர்தல் என்று எங்கள் ஊர் கோர்ட் வாசலில் பேனர் வைக்கிறார்கள். அது வக்கீல்கள் சங்கத் தேர்தல்தானே? அதில் எங்களுக்கு என்ன இருக்கிறது?

சங்கம் வேறு, கவுன்சில் வேறு. ஒவ்வொரு கோர்ட் வளாகத்திலும் வக்கீல்கள் தாங்களாகச் சேர்ந்து வைத்துக்கொள்வது சங்கம். அதில் சேரலாம், விலகலாம். ஒரே வளாகத்தில் இரண்டு மூன்று சங்கங்கள்கூட இருக்கும். பார் கவுன்சில் அப்படியல்ல. அது 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் உண்டாக்கிய அமைப்பு. சட்டப் படிப்பை முடித்தவரின் பெயர் அதன் பதிவேட்டில் ஏறினால்தான் அவர் வழக்கறிஞர். அந்தப் பெயரை நீக்கும் அதிகாரமும் அதற்கு உண்டு. உங்கள் நிலத் தகராறில் உங்கள் வக்கீலே எதிர்க்கட்சியோடு கைகோத்துவிட்டார் என்றால் நீங்கள் புகார் எழுத வேண்டிய இடம் கவுன்சில். அந்தப் புகாரை விசாரிக்க யார் உட்காருவார் என்பது இந்தத் தேர்தலில்தான் முடிவாகிறது. உங்களுக்கு ஓட்டு இல்லை. ஆகவேதான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

கல்லூரி மாணவர், நாமக்கல்: மொத்தம் எத்தனை உறுப்பினர்கள்? யார் யார் ஓட்டுப் போடலாம்?

பதிவேட்டில் இருக்கும் வாக்காளர்கள் 5,000 வரை என்றால் 15 பேர், 10,000 வரை 20 பேர், அதற்கு மேல் எத்தனை ஆயிரம் போனாலும் 25 பேர். இது சட்டம் போட்ட கணக்கு. தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சேர்த்து ஒரே கவுன்சில், 25 பேர். உத்தரப் பிரதேசத்தில் லட்சக்கணக்கில் வக்கீல்கள் இருக்கிறார்கள், அங்கும் 25 பேர்தான். மாநில அட்வகேட் ஜெனரல் பதவி வழியாகவே உறுப்பினர் ஆகிவிடுவார். அவருக்குத் தேர்தல் கிடையாது. தேர்ந்தெடுக்கப்படுபவர்களில் ஏறக்குறைய பாதிப் பேராவது பதிவேட்டில் 10 ஆண்டு கண்டவர்களாக இருக்க வேண்டும். பதிவேட்டில் பெயர் இருப்பது ஓட்டுக்கு முதல் தகுதி, அதுவே முழுத் தகுதி ஆகாது. 2015-இல் வந்த விதிகள் சான்றிதழ் சரிபார்ப்பையும் கேட்கின்றன. ஓட்டுப் போடப் போகும் நாளில் பட்டியலைப் பார்த்துக் கலங்காமல், வரைவுப் பட்டியல் வெளியாகும்போதே உங்களுக்குத் தெரிந்த வக்கீல்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஜூனியர் வழக்கறிஞர், திண்டுக்கல்: இது எனக்கு முதல் தேர்தல். 1, 2, 3 என்று எண் போடச் சொல்கிறார்கள். 25 பேருக்கு 25 ஓட்டு என்று நினைத்திருந்தேன். குழப்பமாக இருக்கிறது.

உங்களுக்கு ஒரே ஓட்டுதான். ஆனால் அந்த ஒரு ஓட்டு, தேவைப்பட்டால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நகரும். எந்த வரிசையில் நகர வேண்டும் என்று நீங்கள் சொல்வதுதான் 1, 2, 3. சட்டத்தில் இதற்கு மாற்றத்தக்க ஒற்றை வாக்கு என்று பெயர். ராஜ்யசபா தேர்தலும் இதே முறைதான்.

கணக்கைப் பாருங்கள். செல்லுபடியான ஓட்டு 40,000 என்று வைத்துக்கொள்வோம். இடங்கள் 25. இடங்களோடு ஒன்றைக் கூட்டி 26-ஆல் வகுத்து, வரும் முழு எண்ணோடு ஒன்று சேர்த்தால் 1,539. அதுதான் வெற்றிக்கான அளவு, கோட்டா. முதல் முன்னுரிமையிலேயே 1,539 எட்டியவர் அப்போதே ஜெயித்துவிட்டார். ஒருவர் 2,000 வாங்கியிருந்தால் அவருக்குத் தேவைக்கு மேல் 461 இருக்கிறது. அந்த உபரி வீணாவதில்லை. அவருக்குப் போட்டவர்களின் அடுத்த விருப்பத்தைப் பார்த்து, குறைந்த மதிப்பில் மற்றவர்களுக்குப் பிரித்துத் தரப்படும். உபரியெல்லாம் தீர்ந்தும் இடங்கள் நிரம்பவில்லை என்றால் கடைசியில் நிற்பவரை விலக்கி, அவருடைய சீட்டுகளை அடுத்த விருப்பக்காரருக்கு மாற்றுவார்கள். பிறகு அதற்கடுத்த கடைசி ஆள். இப்படி ஒவ்வொருவராக விலக்கிக்கொண்டே போவார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் நிற்கிற தேர்தலில் எண்ணிக்கை நாட்கணக்கில் நீள்வது இதனால்தான்.

ஆகவே முதல் சுற்றில் நூறு ஓட்டுப் பின்தங்கியவர்கூட, நூற்றைம்பதாவது சுற்றில் உயிர்பெற்று உள்ளே வரலாம். உங்கள் எட்டாவது விருப்பம் யாரையாவது கரை சேர்க்கலாம். சாவடிக்குள் போகுமுன் குறைந்தது பத்துப் பெயர்களையாவது வரிசைப்படுத்தி வைத்துக்கொள்ளுங்கள். '1' என்ற எண் இல்லாத சீட்டும், இரண்டு பேருக்கு '1' போட்ட சீட்டும் செல்லாது. குறைந்தது எத்தனை விருப்பம் குறிக்க வேண்டும், எந்த எண் வடிவில் குறிக்க வேண்டும் என்பதைத் தேர்தல் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: "எனக்கு மட்டும் 1 போடுங்க, வேற யாருக்கும் எதுவும் போடாதீங்க, போட்டா என் ஓட்டு குறையும்" என்கிறார் ஒரு வேட்பாளர். சரியா?

தவறு. நீங்கள் குறிக்கும் 2, உங்கள் 1-ஐ ஒருபோதும் கெடுக்காது. முதல் ஆள் ஜெயித்த பிறகோ விலக்கப்பட்ட பிறகோதான் இரண்டாவது விருப்பத்தைத் திறந்தே பார்ப்பார்கள். ஒன்றோடு நிறுத்திவிட்டால் அவருக்கு எந்த லாபமும் இல்லை. உங்கள் ஓட்டு மட்டும் பாதி வழியில் நின்றுவிடும். அப்படிக் கேட்பவருக்கு விதி தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். இரண்டில் எதுவானாலும் அவரை வரிசையில் கொஞ்சம் கீழே இறக்கலாம்.

ஆசிரியர் (ஓய்வு), தேனி: படித்தவர்கள் நடத்தும் தேர்தலிலும் சாதி பார்க்கிறார்களாமே?

பார்க்கிறார்கள். மறைத்துப் பேசிப் பயனில்லை. 25 இடத்துக்கு கோட்டா என்பது மொத்த ஓட்டில் 26-இல் ஒரு பங்கு. நூற்றுக்கு நான்குகூட இல்லை. ஒரு சாதிக்காரர்களோ ஒரு மாவட்டத்துக்காரர்களோ கட்டாகச் சேர்ந்து ஒருவருக்கு 1 போட்டால் அவர் உள்ளே போய்விடுவார்.

ஆனால் இதே கணக்குதான் எளியவருக்கும் வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. சென்னையில் பெரிய சேம்பர் இல்லாதவர், முன்சீப் கோர்ட்டிலேயே தொழில் செய்பவர், குடும்பத்தில் முதல் பட்டதாரி, இவர்களில் ஒருவர் தன்னைப் போன்ற 4 சதவீதம் பேரைத் திரட்டினால் போதும். பெரும்பான்மை எல்லா இடத்தையும் வாரிக்கொண்டு போகாமல் தடுப்பதற்காகத்தான் சட்டம் இந்த முறையைத் தேர்ந்தெடுத்தது. முறையில் குற்றமில்லை. சிறு குழு ஒன்று சேர்வதற்குச் சாதி காரணமாகிறதா, தொழில் அக்கறை காரணமாகிறதா என்பது ஓட்டுப் போடுபவர் கையில் இருக்கிறது. சட்டம் படித்து, சமத்துவம் பேசி வாதாடும் ஒருவர் சாவடிக்குள் சாதிப் பட்டியலைப் பார்த்து எண் போடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

வழக்கறிஞர், திருச்சி: பெண்களுக்கு இடஒதுக்கீடு உண்டா?

1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லை. பெண் என்பதற்காக வக்கீல் தொழிலிலிருந்து விலக்கக் கூடாது என்று 1923-லேயே தனிச் சட்டம் வந்தது. நூறு ஆண்டு கழித்தும் கவுன்சில்களில் பெண்களை விரல்விட்டு எண்ணும் நிலை. 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, தேர்தல் அறிவிப்பு வெளியாகாத மாநிலங்களில் 30 சதவீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்றது. 20 சதவீதம் தேர்தல் வழியாக, 10 சதவீதம் நியமன வழியாக. நல்ல உத்தரவு. நீதிமன்றம் சொல்லாமலே நடந்திருக்க வேண்டியதும்கூட. பெண் வழக்கறிஞர்களுக்கு ஒரு வார்த்தை: ஒதுக்கீடு இருக்கிறதே என்று உங்கள் 1-ஐ வேறு யாருக்கும் தாரை வார்க்காதீர்கள்.

வாசகர், காஞ்சிபுரம்: வேட்புமனுக் கட்டணமே ஒன்றேகால் லட்சமாமே?

ஆமாம். 2025-இல், மாநிலக் கவுன்சில்களுக்கு மேலே டெல்லியில் இருக்கும் இந்திய பார் கவுன்சில் 1,25,000 ரூபாய் என்று வைத்தது. தேர்தல் நடத்தச் செலவாகும், விளையாட்டுக்கு நிற்பவர்களைத் தடுக்க வேண்டும் என்பன காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. மாவட்டக் கோர்ட்டில் மாதம் பதினைந்தாயிரம் சம்பாதிக்கும் வக்கீலுக்கு இது எட்டு மாத வருமானம். வேடிக்கைக்கு நிற்பவரைத் தடுக்க எத்தனையோ வழி உண்டு, முன்மொழிபவர் எண்ணிக்கையைக் கூட்டலாம். பணத்தால் வேலி போட்டால் பணமில்லாதவர் மட்டுமே வெளியே நிற்பார். இந்தக் கட்டணம் குறைய வேண்டும்.

வாசகர், ஈரோடு: விருந்து, பரிசுப் பை, மண்டபம் என்று செலவு செய்து ஜெயிப்பவர் அதை எப்படித் திரும்ப எடுப்பார்?

உங்கள் கேள்வியிலேயே பதிலும் இருக்கிறது. உறுப்பினர் பதவி சம்பள வேலை அல்ல. அப்படியிருக்க ஒருவர் லட்சக்கணக்கில் இறைத்தால், ஏன் என்று கேட்கும் கடமை விருந்துக்குப் போனவருக்கும் உண்டு. லஞ்ச வழக்கில் குறுக்கு விசாரணை செய்யத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி வராமல் போகாது.

சட்டக் கல்லூரி மாணவி, மதுரை: 2018-க்குப் பிறகு தேர்தலே நடக்காமல் ஆண்டுகள் ஓடினவே, ஏன்?

தமிழ்நாடு, புதுச்சேரி கவுன்சிலுக்கு 2018 மார்ச் 28-இல் ஓட்டுப் பதிவு நடந்தது. பதவிக்காலம் 5 ஆண்டு. சட்டப்படி இந்திய பார் கவுன்சில் அதை அதிகபட்சம் 6 மாதம் நீட்டிக்கலாம். அதற்குள் தேர்தல் நடக்காவிட்டால் தனிக் குழு அமைத்து நிர்வாகத்தை ஒப்படைக்க வேண்டும். ஆனால் போலிச் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் பணி முடியவில்லை என்பதைக் காட்டி, 2015 விதிகளில் 32-ஆம் விதி வழியாகக் காலத்தை மேலும் நீட்டினார்கள். பல மாநிலங்களில் இதே கதை.

போலி வக்கீல்களைக் களைவது அவசியம், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. 2023-இல் உச்ச நீதிமன்றமே அதற்கு ஓய்வுபெற்ற நீதிபதி தீபக் குப்தா தலைமையில் குழு அமைத்தது. ஆனால் பட்டியலைச் சரிபார்க்க வேண்டிய பொறுப்பு யாரிடம் இருக்கிறதோ, அவர்களே பட்டியல் சரியாகவில்லை என்று சொல்லிப் பதவியில் தொடர்வது நியாயமாகாது. 32-ஆம் விதியை எதிர்த்து வழக்குப் போனது. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம், எல்லா மாநிலங்களிலும் கட்டம் கட்டமாகத் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று உத்தரவிட்டு, மேற்பார்வைக்கு ஓய்வுபெற்ற நீதிபதி சுதான்ஷு தூலியா தலைமையில் உயர் அதிகாரக் குழுவை வைத்தது. ஊருக்கெல்லாம் சட்டம் எடுத்துச் சொல்கிறவர்களின் சபைக்குத் தேர்தல் தேதியை நீதிமன்றம் குறித்துக் கொடுக்க வேண்டி வந்தது. இனி இப்படி நடக்கவே கூடாது.

வாசகர், கரூர்: வக்கீல் சரியாக வாதாடவில்லை என்று நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா?

முடியாது. வழக்கறிஞரின் தொழில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே 14-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. மோசடி, நம்பிக்கைத் துரோகம் என்றால் குற்றவியல் சட்டம் இருக்கிறது, நஷ்டஈட்டுக்குச் சிவில் வழக்கும் போடலாம். தொழில் ஒழுக்கத்தைக் கேள்வி கேட்க பார் கவுன்சில்தான். அந்தத் தீர்ப்புக்குப் பிறகு கவுன்சிலின் பொறுப்பு பல மடங்கு கூடியிருக்கிறது.

வாசகி, கும்பகோணம்: என் விபத்து இழப்பீட்டுப் பணத்தில் பெரும்பகுதியை வக்கீல் எடுத்துக்கொண்டார். கவுன்சிலில் புகார் செய்தால் வக்கீலுக்கு வக்கீல் விட்டுக்கொடுப்பார்களா?

முதலில் புகாரைக் கொடுங்கள் அம்மா. வக்காலத்து நகல், தீர்ப்பு நகல், வங்கிக் கணக்கு விவரம், அவரோடு நடந்த கடிதப் போக்குவரத்து எல்லாவற்றையும் சேர்த்து எழுத்தில் கொடுங்கள். புகாருக்கு முகாந்திரம் இருக்கிறது என்று கவுன்சில் கருதினால் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்பும். அந்தக் குழுவில் மூன்று பேர். இருவரைக் கவுன்சில் தன் உறுப்பினர்களிலிருந்து தேர்ந்தெடுக்கும். மூன்றாமவர் கவுன்சிலுக்கு வெளியே இருக்கும் அனுபவமுள்ள வழக்கறிஞர். சாட்சிகளை வரவழைக்க, ஆவணங்களைக் கேட்டு வாங்க, சிவில் கோர்ட்டுக்குள்ள அதிகாரம் அவர்களுக்கு உண்டு. கண்டிக்கலாம், குறிப்பிட்ட காலம் தொழிலிலிருந்து நிறுத்தி வைக்கலாம், பதிவேட்டிலிருந்து பெயரையே எடுத்துவிடலாம்.

ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். முடிக்காவிட்டால் விசாரணை இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிவிடும். முடிவு பிடிக்கவில்லை என்றால் 60 நாளுக்குள் அங்கே மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் மேல் உச்ச நீதிமன்றம். விட்டுக்கொடுப்பார்களா என்றால், அது உட்காருபவரைப் பொறுத்தது. நேர்மையாகத் தண்டித்த குழுக்களும் உண்டு, வாய்தா மேல் வாய்தா கொடுத்து மனுதாரரை அலையவிட்ட குழுக்களும் உண்டு. தன்மேல் புகார் வரக்கூடிய ஆள், தனக்குப் பழக்கமானவரைக் கவுன்சிலுக்கு அனுப்பி வைத்தால் அதன் விலையை நீங்கள்தான் கொடுக்கிறீர்கள்.

பெற்றோர், தருமபுரி: மகன் சட்டம் முடித்துவிட்டான். பதிவு செய்ய எவ்வளவு ஆகும்?

சட்டம் சொல்வது 750 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி வகுப்பினருக்கு 125 ரூபாய். நூலகக் கட்டணம், நிர்வாகக் கட்டணம் என்று அடுக்கி மாநிலங்கள் ஆயிரக்கணக்கில் வாங்கிவந்தன. ஒடிசாவில் 40,000-ஐயும் தாண்டியது. சட்டத்தில் உள்ளதற்கு மேல் பதிவுக்கு வாங்கக் கூடாது என்று 2024 ஜூலை 30-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்திய அந்தக் கட்டணங்களைத் தீர்மானம் போட்டு நிறைவேற்றியவர்கள், தேர்தலில் ஜெயித்து வந்த உறுப்பினர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

ஜூனியர் வழக்கறிஞர், வேலூர்: சீனியர் பஸ் காசுகூடத் தருவதில்லை. கவுன்சிலால் எங்களுக்கு ஏதாவது நன்மை உண்டா?

நகரத்தில் மாதம் 20,000, கிராமப்புறத்தில் 15,000 ரூபாயாவது ஜூனியருக்கு உதவித்தொகை தரலாம் என்று 2024 அக்டோபரில் இந்திய பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டது. அது அறிவுரைதான், கட்டளை அல்ல. ஓட்டுக் கேட்டு வரும் சீனியரிடம், "உங்கள் ஜூனியருக்கு எவ்வளவு தருகிறீர்கள் சார்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். உங்களைப் போல ஆயிரக்கணக்கான இளைஞர்கள் பட்டியலில் இருக்கிறார்கள். மேலே போட்ட கணக்கின்படி ஒரு கோட்டாவுக்குத் தேவைப்படுவது ஆயிரத்தைந்நூற்றுச் சொச்சம் பேர்தான்.

வாசகர், புதுச்சேரி: டெல்லியில் இருக்கும் இந்திய பார் கவுன்சிலுக்கும் வக்கீல்கள் நேரடியாக ஓட்டுப் போடுவார்களா?

இல்லை. ஒவ்வொரு மாநிலக் கவுன்சிலும் தன் உறுப்பினர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பும். பெரிய மாநிலம், சின்ன மாநிலம் என்ற பேதமில்லை, எல்லோருக்கும் ஒரே ஒரு ஆள். அட்டர்னி ஜெனரலும் சொலிசிட்டர் ஜெனரலும் பதவி வழி உறுப்பினர்கள். சட்டக் கல்லூரிகளின் பாடத்திட்டம், வழக்கறிஞர் தகுதித் தேர்வு, தொழில் ஒழுக்க விதிகள் எல்லாம் அங்கே முடிவாகின்றன. இத்தனை கனமான நாற்காலிக்குத் தமிழ்நாட்டிலிருந்து யார் போவது என்பதை 25 பேர் அளவில் ஓட்டுப் போட்டு முடித்துவிடுகிறார்கள். அந்த இடத்துக்குப் போக விரும்புபவர் யார் என்பதை மாநிலத் தேர்தலிலேயே வெளிப்படையாகச் சொல்ல வைக்க வேண்டும்.

பொறியாளர், கோவை: இவ்வளவு கோளாறு இருக்கும்போது, பேசாமல் அரசே உறுப்பினர்களை நியமித்துவிட்டால் என்ன?

வேண்டவே வேண்டாம். 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இருந்த பழைய கவுன்சிலில் 15 பேர். அதில் 4 பேரை உயர் நீதிமன்றம் நியமித்தது, தண்டிக்கும் அதிகாரத்தையும் தன்னிடமே வைத்துக்கொண்டது. சுதந்திரத்துக்குப் பிறகு எஸ்.ஆர். தாஸ் தலைமையிலான குழு 1953-இல் கொடுத்த அறிக்கையும், எம்.சி. செதல்வாட் தலைமையிலான சட்ட ஆணையமும் வழிகாட்டிய பிறகுதான், தொழிலைத் தாங்களே ஆளும் உரிமை வக்கீல்களுக்கு 1961-இல் கிடைத்தது. அரசை எதிர்த்து உங்களுக்காக வாதாட வேண்டியவரின் தொழில் உரிமமான சன்னதை, அரசு நியமித்தவரிடம் ஒப்படைக்கலாமா? 2025 பிப்ரவரியில் வந்த சட்டத்திருத்த வரைவு, இந்திய பார் கவுன்சிலில் மத்திய அரசு மூன்று பேர் வரை நியமிக்கலாம் என்றது. நாடெங்கும் வக்கீல்கள் எதிர்த்தார்கள், அந்த மாதமே வரைவு திரும்பப் பெறப்பட்டது. எதிர்த்தது சரி. ஆனால் தன்னாட்சி வேண்டும் என்று தெருவில் இறங்குபவர்கள் அந்தத் தன்னாட்சியை ஒழுங்காக நடத்திக் காட்டவும் வேண்டும்.

வாசகர், நாகர்கோவில்: ஜெயித்தபின் கூட்டத்துக்கே வராத உறுப்பினரை என்ன செய்யலாம்?

தக்க காரணமின்றித் தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வராதவர் என்று கவுன்சில் அறிவித்தால் அவர் பதவி போய்விடும். வழக்கறிஞர்கள் சட்டத்தின் 10பி பிரிவு இதைச் சொல்கிறது. அறிவிக்கச் சொல்லி மனுப் போடுங்கள்.

வழக்கறிஞர், தஞ்சாவூர்: கடைசியாக, யாருக்கு 1 போடலாம் என்று நினைக்கிறீர்கள்?

பெயர் சொல்ல மாட்டேன், அது உங்கள் உரிமை. தேடி வரும் வேட்பாளரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். ஒழுங்கு நடவடிக்கைப் புகார்களை ஓராண்டுக்குள் முடிக்க என்ன செய்வீர்கள்? கவுன்சிலின் வரவு செலவை ஆண்டுதோறும் எல்லா வக்கீல்களும் பார்க்கும்படி வெளியிடுவீர்களா? உங்கள் சாதிக்காரர், உங்கள் மாவட்டத்துக்காரர் மேல் புகார் வந்தால் அந்தக் குழுவிலிருந்து விலகி நிற்பீர்களா? கோர்ட் புறக்கணிப்பை முன்னின்று நடத்துவேன் என்று வாக்குறுதி தருபவரிடம், வக்கீல்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்துச் சொல்லுங்கள். மூன்று கேள்விக்கும் தயங்காமல் பதில் சொல்பவர் உங்கள் சங்கத்தில் ஒருவராவது இருப்பார். அவர் பணம் செலவழிக்காதவராக இருந்தால் அவருக்கு 1 போடுங்கள். கும்பகோணத்து வாசகியின் புகார் மனு அவர் மேசைக்குத்தான் போகும்.